அது கொழுப்பு இல்லை, நாக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

இந்த வாரம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி எனக்கு வந்தது. சாப்பாட்டில் குறை சொல்லும் பிள்ளையை ஒரு நாள் பட்டினி போடுங்கள், மறுநாள் கல்லையும் தின்னும் என்று யாரோ எழுதி, கீழே கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். நம் உறவினர்களில் பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறீர்கள். என்னிடம் படித்தவர்கள் சிலரும்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கல்லைத் தின்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலப்பத்தைக் கடித்துத் தின்பார்கள், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பார்கள், அடுப்புச் சாம்பலைத் தொட்டு நக்குவார்கள். படிக்கும்போது உங்களில் இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வரும், யார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பல நேரம் காரணம் இரத்தசோகை. பசித்தால் எதையும் தின்னும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தட்டில் பொறுக்கித் தின்னும் பிள்ளைக்கு நம் பக்கம் எத்தனை பட்டங்கள்! நாக்கு நாலு முழம், ராஜா வீட்டுப் பிள்ளை, தின்னக் கொழுப்பு, வளர்ப்பு சரியில்லை. எல்லாமே குணத்தைப் பற்றிய பேச்சு. நாக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஒரே குழம்பு எல்லார் வாயிலும் ஒரே குழம்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை என்பது தெரிந்து தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற ஒரு பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் காற்றில் பறந்துவிட்டது. கூட வேலை செய்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் வாதாடிப் பார்த்துவிட்டு, அங்கே இருந்தவர்களிடம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. இது குடும்பத்தில் வழிவழியாக வருகிறது என்று பிறகு கண்டார்கள். டி.என்.ஏ. சோதனை வராத காலத்தில், தகப்பன் யார் என்ற வழக்குகளுக்குக்கூட இந்தக் கசப்புச் சோதனையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2003-இல் அதற்குரிய மரபணுவை ஏழாவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். கல்லூரியில் உயிரியல் படித்தவர்கள் சிலர் அந்தக் காகிதத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பொடி நம் சமையலறையில் இல்லை. ஆனால் அதன் கசப்புக்குக் காரணமான அதே அமைப்பு முட்டைகோஸ், காலிபிளவர், முள்ளங்கி, கடுகு இவற்றில் உள்ள பொருள்களிலும் இருக்கிறது. ஆகவே முள்ளங்கி சாம்பார் கொதிக்கும்போதே ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினால், பக்கத்தில் உட்கார்ந்து அதே சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளும் அண்ணனை உதாரணம் காட்டாதீர்கள். அண்ணன் வாயில் இருப்பது வேறு சாம்பார்.

1990-களில் லிண்டா பார்டோஷக் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கவனித்தார். அவர் சோதித்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மற்றவர்களைவிடச் சுவை மிகவும் தூக்கலாகத் தெரிந்தது. இவர்களுக்கு ‘சூப்பர் டேஸ்டர்’ என்று பெயர் வைத்தார். நாக்கின் மேல் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, அந்த மொட்டுகள் இவர்களுக்கு நெருக்கமாக இருந்தன. அந்த மொட்டுகளைச் சுற்றி வலியை உணரும் நரம்புகளும் உண்டு. மிளகாய்க் காரம் உண்மையில் சுவையில் சேராது, அது எரிச்சல். எனவே மொட்டு அதிகம் உள்ள நாக்குக்குக் காரமும் அதிகம். ‘காரமே இல்லாத குழம்புக்கு எப்படி அழுகிறது பார்’ என்று சொல்கிற பாட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். வயதாக ஆக நமக்குச் சுவை மங்குகிறது. நமக்கு மட்டாகத் தெரியும் உப்பும் காரமும் நான்கு வயது நாக்குக்கு மட்டு இல்லை. கசப்பும் அப்படித்தான், பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியும்.

நம் முன்னோருக்கு மரபணு தெரியாவிட்டாலும் நாக்கு தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் இத்தனை சொற்கள் எதற்கு? உப்புக் கரிக்கிறது, வாழைப்பூ துவர்க்கிறது, கருணைக்கிழங்கு காறுகிறது, மிளகாய் காந்துகிறது, முட்டை கவிச்சி அடிக்கிறது, ஒன்றுமே இல்லாவிட்டால் சப்பென்று இருக்கிறது. சமையல் முறையும் அப்படியே. கருணைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் வேகவைப்பது, வாழைப்பூவை மோரில் போட்டு வைப்பது, பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, புளியோடு வெல்லமும் சேர்ப்பது. உப்பு கசப்பை அடக்கும் என்று ஆய்வகத்தில் பின்னாளில் காட்டினார்கள். என் அம்மாவுக்கு அது தெரியும். யாருடைய நாக்குக்கும் கசப்பு ஒரு பொருட்டில்லை என்றால் இவ்வளவு பாடு எதற்கு? நம் அடுப்படியே கூர்மையான நாக்குகளுக்காகக் கற்றுக்கொண்டதுதான். பிள்ளை அதையே கேட்டால் மட்டும் அடம் என்கிறோம்.

கடற்கரை ஓரத்துப் பள்ளியில் நான் இருந்தபோது ஒரு பையன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அவன் மீன் தின்ன மாட்டான் என்று தெருவே சிரிக்கும். கட்டுமரக்காரர் பிள்ளை, மீன் தின்னாது என்றால் எப்படி? அவன் அம்மாவிடம் பேசினேன். “தின்னாம என்ன டீச்சர், காலையில வலையில வந்தத அப்பவே கொழம்பு வெச்சா மூணு தட்டு தின்னும். ஐஸ் போட்டு எடுத்தாந்தா கிட்டவே வராது” என்றார். இதுதான் உண்மை. மீன் நேரமாக ஆகத்தான் அந்த நாற்றம் உண்டாகிறது. மற்றவர்களுக்கு ஒரு நாள் கழித்துத் தெரிவது இவனுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. ஊரில் மீனைப் பற்றி மிக நன்றாகத் தெரிந்த நாக்கு அவனுடையது, ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. இப்போது ஒரகடத்தில் எலக்ட்ரீஷியன். இன்றும் ஐஸ் மீன் தொடுவதில்லையாம். தம்பி, இதைப் படித்தால் கமெண்டில் வா.

தண்ணீரும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை கிணறுகள் கரித்துப்போயின என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள், “டீச்சர், இன்னிக்குத் தண்ணி வேற” என்று முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்கள். விசாரித்தால் தொட்டியில் வேறு போரிலிருந்து ஏற்றியிருப்பார்கள். நாங்கள் பெரியவர்கள் நான்கைந்து பேர் அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்போம்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம்.

வசதியான வீட்டுப் பிள்ளை இது வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் டேஸ்ட். ஹோட்டலில் உட்கார்ந்து, வெங்காயம் இல்லாமல், காரம் குறைத்து, சட்னி தனியாக என்று சொன்னால் சர்வர் எழுதிக்கொண்டு போவார். ஏழை வீட்டுப் பிள்ளை அதையே பள்ளியில் சொன்னால் அதற்குப் பெயர் கொழுப்பு. “வீட்ல இதுகூட இல்ல, இங்க வந்து பேச்சப் பாரு” என்று சொன்னவர்களை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஏதோ வறுமைக்கோட்டுக்குக் கீழே பிறந்தால் நாக்கில் மொட்டு குறைவாக முளைக்கும் என்பது போல.

நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். அமைதியான பிள்ளை, வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்லும். ஒரு நாள் கீரை சாதம். தட்டில் பாதி வைத்துவிட்டது. அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் குச்சியோடு பக்கத்திலேயே நின்று கடைசிப் பருக்கை வரை தின்ன வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பசியில் வளர்ந்தவர், சோறு வீணாவதைப் பொறுக்க மாட்டார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது, எழுந்து இரண்டடி நடந்தது, குழாயடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தது. அதற்கும் திட்டு. பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது கவனித்தேன், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஒரே கிழமையில் அந்தப் பெயருக்கு நேரே விடுப்பு. கீரை சாதம் போடும் நாள். காய்ச்சல், வயிற்றுவலி, பாட்டி ஊருக்குப் போனது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒரு கரண்டிக் கீரைக்காக அந்தப் பிள்ளை மாதத்தில் இரண்டு நாள் பாடத்தை இழந்தது, அந்த இரண்டு நாள் சோற்றையும், முட்டையையும் சேர்த்துத்தான் இழந்தது.

சத்துணவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் வந்த காலை உணவு வரை, இந்த நாட்டில் வேறு எந்த மாநிலமும் நமக்கு முன்னால் நின்றதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்து, பிறகு படிப்புக்காக நின்றவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2013-இல் கலவை சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று பட்டியல் மாறியபோது பெரும்பாலான பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நியாயம்தான், தினமும் அதே சாம்பாரைத் தின்று அலுத்திருந்தார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது, அதை யாரும் பேசவில்லை. முன்பு வெள்ளைச் சோறு தனி, சாம்பார் தனி. சாம்பார் பிடிக்காத பிள்ளை வெறுஞ்சோற்றையாவது பிசைந்து தின்றுவிடும். கலந்த சாதத்தில் ஒதுக்க இடமில்லை. பிடித்தால் முழுவதும், பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம். நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். எங்கள் வீட்டு வழக்கத்தில் முட்டை இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், மறு பேச்சில்லாமல் பழம் வரும். கவிச்சி தாங்கவில்லை, குமட்டுகிறது என்று இன்னொரு பிள்ளை சொன்னால், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்கு என்போம். குலத்தின் வழக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு பிள்ளையின் சொந்த நாக்குக்குக் கொடுக்கக் கூடாதா? அந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று நாம் எப்படித் தீர்மானித்தோம்?

வீட்டிலும் இந்தப் பாகுபாடு உண்டு. ஆண்களுக்கு உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு நகரும், அது ரசனை. பெண் பிள்ளை வாய் திறந்தால், “நாளைக்குப் போற வீட்ல இப்படிப் பேசுவியா?” நம் உறவில் ஒரு பெரியம்மா, எழுபது வயதுக்கு மேல் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்குக் கத்திரிக்கா ஆவாதுடி, நாக்கு அரிக்கும்” என்றார். அரை நூற்றாண்டாக அந்த வீட்டில் வாரம் மூன்று நாள் கத்திரிக்காய் சமைத்து, எல்லாரோடும் தானும் தின்றவர். யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். யாரு கேட்டா என்றார்.

இந்த அரிப்பு விஷயம் விளையாட்டில்லை. நம் கடற்கரைப் பக்கம் இறால் மலிவாகக் கிடைக்கும் நாளில் எல்லார் வீட்டிலும் இறால்தான். ஒரு பிள்ளை இறால் தின்றால் உதடு தடிக்கிறது, தொண்டை அரிக்கிறது, உடம்பில் தடிப்பு வருகிறது என்றால் அது பிடிவாதமும் இல்லை, கூர்மையான நாக்கும் இல்லை, ஒவ்வாமை. தின்னத் தின்னப் பழகிவிடும் என்று ஊட்டாதீர்கள், மூச்சே அடைத்துவிடக்கூடும். அதேபோல் ஐந்தாறு பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடாமல், எடை குறைந்துகொண்டே போகிற பிள்ளையையும், விழுங்கினால் அடைத்துக்கொள்ளும் என்று பயப்படுகிற பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். 2013 முதல் மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. மந்திரிக்கக் கூட்டிப் போக வேண்டாம்.

எதிர்ப்பக்கம் சொல்வது எனக்குத் தெரியாமல் இல்லை. ரேஷன் அரிசிக்கு விடியற்காலையில் பையை வைத்து இடம் பிடித்த தலைமுறை நாங்கள். சோற்றைக் கொட்டினால் எனக்கும் வயிறு எரியும். கொட்டாமல் இருக்க வழி முதலிலேயே குறைவாகப் போடுவது. மலைபோல் போட்டுவிட்டு முடி முடி என்று நிற்பதால் இரண்டும் கெடுகிறது. 2006-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்து முடி என்று வற்புறுத்தியபோது பிள்ளைகள் குறைவாகத்தான் குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். இதற்கு ஆய்வு எதற்கு, உங்கள் வீட்டிலேயே நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, ஆனாலும் நிறுத்தவில்லையே.

வளர்ப்பு சரியில்லை என்று மருமகளைக் குத்துகிற மாமியார்களுக்கு ஒரு கணக்கு. 2007-இல் பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். புது உணவைக் கண்டு பயப்படுவதில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் 78 விழுக்காடு பரம்பரையால் வருவது என்று முடிவு சொன்னார்கள். பரம்பரை என்றால் உங்கள் மகன் பக்கமும் சேர்த்துத்தான்.

எல்லாவற்றையும் நாக்கின் மேல் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. சோறு வேண்டாம், குழம்பு வேண்டாம், பத்து ரூபாய் பாக்கெட் மட்டும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு நாக்கில் விசேஷம் ஒன்றுமில்லை, விசேஷம் பெட்டிக்கடையில் இருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கூர்மையான நாக்கு உள்ள பிள்ளை எப்போதும் அதே பொருளைத்தான் ஒதுக்கும். வீட்டிலும் ஒதுக்கும், விருந்திலும் ஒதுக்கும், நீங்கள் அரைத்து ஒளித்துப் போட்டாலும் முதல் வாயிலேயே கண்டுபிடிக்கும். அடம் பிடிக்கிற பிள்ளை ஆளைப் பார்த்து மாறும். அம்மாவிடம் வேண்டாம் என்ற தோசையை அத்தை வீட்டில் நான்கு தின்னும்.

கசப்பு பழகாது என்றும் நான் சொல்லவில்லை. காபியை முதல் வாயில் யாருக்குப் பிடித்தது? சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியை நாக்கு நுனியில் தொட்டு வைக்கிற பழக்கத்தில் எவ்வளவு நயம் பாருங்கள். வெல்லமும் மாங்காயும் சேர்த்து, ஒரு துளி, வருடத்துக்கு ஒருமுறை, யாரும் கிண்ணம் நிறையத் தின்னச் சொல்வதில்லை. பிடிக்காத காயை அப்படித்தான் வைக்க வேண்டும். தட்டு ஓரத்தில் ஒரு துண்டு. தின்றால் தின்னட்டும், வைத்தால் வைக்கட்டும், பாராட்டும் வேண்டாம், முறைப்பும் வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி ஒரு துண்டு. பத்துப் பதினைந்து முறை ஆகலாம். நாம் மூன்றாவது முறையிலேயே ‘இவன் திருந்த மாட்டான்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். கர்ப்பத்தில் அம்மா தின்பதன் வாசனை பனிக்குட நீர் வழியாகவும், பிறகு தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை உண்டாகியிருக்கும் மகள்களும் மருமகள்களும் கீரையைக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுங்கள், பின்னால் உதவும்.

உங்களில் பலர் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்கள். இரண்டு பேர் சத்துணவு அமைப்பாளர்களாகவே இருக்கிறீர்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயத்தைப் பேசுங்கள். சாதத்தைக் கலக்குவதற்கு முன்னால் இரண்டு கரண்டி வெள்ளைச் சோறு தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்தாறு பேருக்குத்தான் அது தேவைப்படும். காசு கூடுதல் ஆகாது, அரிசி கூடுதல் ஆகாது. வேண்டாம் என்கிற பிள்ளைக்கு உப்புப் போட்டுப் பிசைந்து, முட்டையோடு கொடுக்கலாம். கீரை சாதத்தில் ஒரு ஸ்பூன் மட்டும் தட்டு ஓரத்தில் வைக்கலாம். அதோடு, வருகைப் பதிவேட்டையும் சாப்பாட்டுப் பட்டியலையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கிழமையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப விடுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேளுங்கள்.